குறுக்கில் வைத்த இரண்டு பெருவிரல்: ஒரு தலைப்பிரசவமும் அக்குபிரஷரும்

அதிகாலை ஆறரை மணி இருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர், கணுக்காலுக்கு மேலே அழுத்திக்கொண்டிருந்த என் கையைத் தள்ளிவிட்டு, "சிஸ்டர், அங்க வேணாம், எரிச்சலா இருக்கு. குறுக்குதான் பிளக்குது, அங்க ஏதாவது பண்ணுங்க" என்றார். இரண்டு மணி நேரமாக நான் தப்பான இடத்தில் உழைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பிரசவத்தை முழுசாக எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு நிமிடம்தான் காரணம்.

நான் லேபர் வார்டில் வேலை பார்க்கும் செவிலி. உடம்பில் குறிப்பிட்ட புள்ளிகளை விரலால் அழுத்தும் அக்குபிரஷரைத் தனியாகப் படித்து, மருத்துவர்களின் சம்மதத்தோடு, விரும்பிக் கேட்கும் பெண்களுக்கு மட்டும் செய்கிறேன். இது அந்தப் பெண்ணின் அனுமதியோடு எழுதியது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

வயது 29, முதல் கர்ப்பம். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, குழந்தையின் தலை கீழே இருந்தது, ஸ்கேனில் சிக்கல் எதுவும் இல்லை. முதுகுத்தண்டருகே மருந்து செலுத்தி வலியை மரக்கச் செய்யும் எபிடியூரல் இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ போகலாம் என்பது அவருடைய ஆசை. கூடவே ஒன்று சொன்னார்: "என்னால முடியலன்னா நானே கேட்பேன். அப்ப யாரும் என்னைத் தடுக்கக் கூடாது." அதை அவருடைய ஃபைலில் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைத்தேன். பிறகு அது தேவைப்பட்டது.

பிரசவத்துக்கு முன் இரண்டு முறை அவரையும் கணவரையும் வரச் சொன்னேன், இரண்டுமே 37 வாரம் முடிந்த பிறகு. கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் எல்ஐ4, உள்கணுக்காலுக்கு மேலே இருக்கும் எஸ்பி6, குறுக்கில் இருக்கும் பிஎல்32, தோளில் இருக்கும் ஜிபி21 போன்ற புள்ளிகளை மாதம் நிறையும் முன் அழுத்தக் கூடாது என்பது இந்தத் துறையில் வழிவழியாகச் சொல்லும் எச்சரிக்கை. நான் அதை மீறுவதில்லை, மீற வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

சொல்லிக்கொடுத்ததில் பாதி நேரம் புள்ளியைக் கண்டுபிடிப்பதற்கே போனது. எஸ்பி6 உள்கணுக்கால் எலும்பின் முனையிலிருந்து நான்கு விரல் அகலம் மேலே, கால் எலும்பின் பின் ஓரத்தை ஒட்டி இருக்கிறது. கணவர் தன் கையை வைத்து அளந்தார். அவருடைய நான்கு விரல் அகலமும் மனைவியின் நான்கு விரல் அகலமும் ஒன்றா? அவர் அளந்த இடம் நன்றாக மேலே போய்விட்டது. யாருடைய உடம்பில் அழுத்துகிறோமோ அவர்களுடைய விரலால்தான் அளக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் படம் பார்த்துக் கற்றுக்கொண்டு வரும் முக்கால்வாசிப் பேர் தவறுகிற இடம் இதுதான்.

அப்புறம் அழுத்தும் முறை. அவர் வெறும் பெருவிரல் பலத்தில் அழுத்தினார், ஐந்தாவது நிமிடமே கை நடுங்க ஆரம்பித்தது. முழங்கையை மடக்காமல் நீட்டி, பெருவிரலை ஊன்றி, இடுப்பிலிருந்து உடம்பை முன்னே சாய்க்கச் சொன்னேன். சாய்ந்தால் அழுத்தம், நிமிர்ந்தால் தளர்வு, விரல் வெறும் முட்டுக்கட்டை மாதிரி நிற்கிறது, அவ்வளவுதான். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னேன். எவ்வளவு அழுத்துவது என்று கேட்டார். "வலிக்கணும், ஆனா 'அங்கதான், அங்கதான்'னு அவங்க சொல்ற மாதிரி வலிக்கணும். முகத்தைச் சுளிச்சா விட்டுடுங்க தம்பி" என்றேன்.

வலி வந்த நாள்

39 வாரம் 4 நாள். இரவு 11 மணிக்கு விட்டு விட்டு லேசான வலி. 2.30-க்குப் பனிக்குடம் உடைந்தது, நீர் தெளிவாக இருந்தது. 4 மணிக்கு வந்து சேர்ந்தபோது கர்ப்பப்பை வாய் 3 சென்டிமீட்டர் திறந்திருந்தது, தலை இன்னும் மேலேயே இருந்தது, குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140. பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டதற்கு, "வயித்துல அஞ்சு, குறுக்குல எட்டு" என்றார்.

இந்தப் பதிலைக் கேட்டதும் நான் யோசித்திருக்க வேண்டும். வயிற்றைவிடக் குறுக்கில் வலி அதிகம் என்றால், குழந்தையின் பின்தலை அம்மாவின் முதுகுப் பக்கம் திரும்பியிருக்கலாம். கை வைத்துப் பார்த்ததில் அப்படித்தான் இருந்தது: வயிற்றின் முன்பக்கம் குழந்தையின் முதுகு தட்டுப்படவில்லை, கை கால்கள்தான் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தன. பின்தலை எலும்பு சேக்ரத்தின் மேல், அதாவது முதுகின் அடியில் முக்கோணமாக இருக்கும் எலும்பின் மேல், ஒவ்வொரு வலிக்கும் போய் அழுத்துகிறது. தெரிந்தும் என் கை எங்கே போனது? எஸ்பி6-க்கும் எல்ஐ4-க்கும். ஏனென்றால் "பிரசவத்தை வேகப்படுத்தும் புள்ளிகள்" என்று மனப்பாடமாகி இருந்தவை அவைதான், 3 சென்டிமீட்டரில் வந்திருக்கிறார், முதலில் வேகப்படுத்துவோம் என்று ஓடிவிட்டேன். அவர் எங்கே வலிக்கிறது என்று சொன்னாரோ அங்கே போகவில்லை.

அந்த இரண்டு மணி நேரம் வீண் என்றுதான் பதிவு செய்திருக்கிறேன். வலி அளவு குறையவில்லை, அவருக்கு எரிச்சல்தான் கூடியது.

ஆறரைக்கு அவரைக் கட்டிலின் மேல் முட்டி போட வைத்து, தூக்கி நிறுத்திய தலைப்பக்கத்தைக் கட்டிப்பிடித்து முன்னால் சாயச் சொன்னேன். கணவர் பின்னால் நின்றார். பிஎல்32 இருக்கும் இடம் சேக்ரத்தில்: பிட்டத்தின் பிளவு தொடங்கும் இடத்திலிருந்து, அந்தப் பெண்ணின் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு மேலே, நடு எலும்பிலிருந்து இரண்டு பக்கமும் ஒரு பெருவிரல் அகலம் தள்ளி, தடவினால் சின்னக் குழி மாதிரி தட்டுப்படும். எலும்பில் உள்ள துளைகள் அவை, அதன் வழியாகத்தான் நரம்புக் கிளைகள் வெளியே வருகின்றன. கணவர் இரண்டு பெருவிரலையும் அங்கே ஊன்றிச் சாய்ந்தார். அடுத்த வலி வந்தது. அவர் கத்தவில்லை. தலையைக் கவிழ்த்தபடியே மூச்சை நீளமாக விட்டார். வலி விட்டதும், "எடுக்காத, அப்படியே வெச்சிரு" என்று கணவரிடம் சொன்னார்.

அடுத்த ஐந்து வலிக்கும் அளவு கேட்டு எழுதினேன். உச்சத்தில் எட்டாக இருந்தது ஆறுக்கு வந்திருந்தது. எட்டிலிருந்து ஆறு என்பது பெரிய இறக்கம் இல்லை. ஆனால் எட்டில் இருந்தபோது இரண்டு வலிக்கு நடுவில் அவரால் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை, ஆறில் இருந்தபோது கண்ணை மூடிக் கொஞ்சம் தூங்கினார். மூன்று நிமிடத் தூக்கம்தான். அப்படிப் பத்து முறை வந்தால் உடம்புக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று பிரசவம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

பத்து விநாடி

எட்டு மணி வாக்கில் ஒன்று நடந்தது. கணவர் கையை உதறிக்கொள்ளத் திரும்பிய நேரத்தில் வலி ஆரம்பித்துவிட்டது. அவர் ஓடிவந்து விரலை ஊன்றுவதற்குள் பத்து விநாடி போயிருக்கும். அவ்வளவுதான், "தொடாத! தொடாத!" என்று அலறிவிட்டார். அதே விரல், அதே இடம், அதே அழுத்தம். வலி ஏறிய பிறகு வைத்த விரல் அவருக்கு இன்னொரு வலியாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வலி கிளம்புகிற மாதிரி லேசாகத் தோன்றும்போதே அவர் கட்டிலைத் தட்டுவார். தட்டியதும் விரல் உட்கார வேண்டும், வலியோடு சேர்ந்து அழுத்தம் ஏற வேண்டும், உச்சத்தில் அசையாமல் நிற்க வேண்டும், வலி இறங்கும்போது மெதுவாகத் தளர வேண்டும். சட்டென்று எடுக்கக் கூடாது. புள்ளி அரை விரல் தள்ளியிருந்தாலும் அவர் பொறுத்துக்கொண்டார், "கொஞ்சம் கீழ" என்று சொல்லித் திருத்தினார். நேரம் தப்பினால் மட்டும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இது ஏன் என்பதற்கு எனக்குத் திருப்தியான விளக்கம், 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் வெளியிட்ட வாசல் கோட்பாடு. அழுத்தம், தொடுதல் ஆகிய உணர்வுகளைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்யும்போது, வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளின் செய்தி தண்டுவடத்திலேயே ஓரளவு தடுக்கப்படுகிறது என்பது அதன் சாரம். முட்டி இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, அதுவும் இதே வேலைதான். சேக்ரத்தில் பின்னாலிருந்து கொடுக்கும் அழுத்தம், உள்ளேயிருந்து தலை கொடுக்கும் அழுத்தத்துக்கு ஓர் எதிர்ப்பிடிப்பாகவும் இருக்கிறது. பயம் கூடினால் அட்ரினலின் கூடும், அது கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் ஓட்டத்தைக் குலைக்கும், அதனால் கூட ஒருவர் கையை எடுக்காமல் நிற்பதே ஒரு மருந்து. சக்தி ஓட்டம், நாடிப் பாதை என்று மரபில் சொல்வதை வைத்துத்தான் நான் புள்ளிகளைக் கற்றுக்கொண்டேன். வேலை செய்யும் விதத்தை விளக்க அது எனக்குத் தேவைப்படவில்லை.

9.30-க்கு 5 சென்டிமீட்டர். கணவரின் பெருவிரல் மூட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா வந்து மாற்றினார். வந்தவுடன் முதுகு முழுக்க மேலும் கீழும் வேகமாகத் தேய்க்கத் தொடங்கிவிட்டார், பெற்ற மனசு, சும்மா நிற்க முடியவில்லை. "தேய்க்காதீங்கம்மா, அப்படியே ஊன்றி அழுத்துங்க" என்று அவர் கையைப் பிடித்து உள்ளங்கையின் அடிப்பகுதியை வைக்கச் சொன்னேன். விரலைவிட உள்ளங்கையில் புள்ளி துல்லியமாக விழாது, ஆனால் மணிக்கணக்கில் தாங்கும். மகளுக்கு அதுவும் பிடித்திருந்தது. நேரம் போகப் போக அழுத்தும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டு வந்தது. நடுநடுவே சூடு ஒத்தடம், நடை, இரண்டு முறை ஷவருக்கு அடியில் நிற்பது. குழந்தையின் இதயத்துடிப்பை அரை மணிக்கு ஒருமுறையாவது கேட்டுக்கொண்டே இருந்தோம், 130-க்கும் 150-க்கும் நடுவில் நின்றது.

தேக்கமும் முடிவும்

பகல் 12.30-க்கு 6 சென்டிமீட்டர். மாலை 4 மணிக்கும் 6 சென்டிமீட்டர்.

மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்காவிட்டால் அதை மட்டும் காரணமாக வைத்துத் தலையிட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொல்லிவிட்டது, தலைப்பிரசவத்தில் 5 சென்டிமீட்டருக்குப் பிறகு முழுசாகத் திறக்க 12 மணி நேரம் வரை ஆகலாம் என்றும் சொல்கிறது. அதனால் யாரும் பதறவில்லை. ஆனால் மூன்றரை மணி நேரமாக மாற்றம் இல்லை, வலியும் பத்து நிமிடத்துக்கு இரண்டாகத் தளர்ந்துவிட்டது. இடையில் எஸ்பி6, எல்ஐ4 இரண்டையும் திரும்ப முயன்றேன், இந்த முறை அவரிடம் கேட்டுவிட்டு, வலிக்கு வலி, ஒரு மணி நேரம். ஒன்றும் மாறவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு ஆக்சிடோசின் டிரிப் போடலாம் என்றார். டிரிப் போட்டால் வலி கூடும் என்று தெரிந்ததும் அவர் எபிடியூரல் கேட்டார்.

கணவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்வேனோ, இன்னும் ஒரு புள்ளி இருக்கிறது என்று சொல்வேனோ என்று எதிர்பார்த்த பார்வை அது. ஃபைலில் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். "அவங்க கேட்டாச்சு தம்பி, நாம கொடுக்கணும்." அந்தப் பெண் அழுதார். "தோத்துட்டேனா சிஸ்டர்?" "பன்னிரண்டு மணி நேரம் நின்னிருக்கீங்கம்மா. இப்ப உங்க உடம்புக்கு ஓய்வு வேணும், அதைத்தான் கேட்டிருக்கீங்க" என்றேன். இந்த இடத்தில் என் தொழில்காரர்களிடம் கொஞ்சம் கோபத்தோடு ஒன்று சொல்ல வேண்டும்: எபிடியூரலுக்கு எதிராக அக்குபிரஷரை நிறுத்தாதீர்கள். களைத்துப்போன ஒரு பெண்ணிடம் "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போடுவது உதவி ஆகாது. வலிக்கிறவருக்காகத்தான் நாம் அங்கே நிற்கிறோம்.

4.40-க்கு எபிடியூரல். கொஞ்ச நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கி வாந்தி வந்தது. ரத்த அழுத்தத்தை மயக்க மருந்து நிபுணர் திரவம் ஏற்றிச் சரி செய்தார், அது அவர் வேலை. குமட்டலுக்கு மட்டும் நான் மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே, நடுவில் ஓடும் இரண்டு நாண்களுக்கு இடையில் பிசி6-ஐ அழுத்திப் பிடித்தேன், அது ஆறுதலாக இருந்தது என்றார். மரத்துப்போன இடுப்பையும் காலையும் அதற்குப் பிறகு அழுத்தவே இல்லை. வலி தெரியாத இடத்தில் எவ்வளவு அழுத்துகிறோம் என்று அவரால் சொல்ல முடியாது, கன்றிப்போகும்.

இடது பக்கம் படுக்க வைத்து, கால்களுக்கு நடுவில் வேர்க்கடலை வடிவப் பந்தை வைத்தோம். அவர் ஒரு மணி நேரம் நன்றாகத் தூங்கினார். 7.15-க்கு வாய் முழுசாகத் திறந்திருந்தது, தலையும் சரியான பக்கம் திரும்பியிருந்தது. 8.05-க்கு முக்க ஆரம்பித்தார். நடுவில் அம்மா தோளின் மேல், கழுத்துக்கும் தோள் முனைக்கும் பாதி வழியில் இருக்கும் ஜிபி21-இல் கை வைத்துக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தார், பல்லைக் கடித்துத் தோளை உயர்த்தும் பழக்கம் அதனால் விட்டது. 8.52-க்குக் குழந்தை பிறந்தது. 3.1 கிலோ, பிறந்தவுடன் அழுகை, பிறந்த குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் அப்கார் 8, பிறகு 9. ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போட்டு, 9.03-க்கு நச்சுக்கொடி வந்தது. ரத்தப் போக்கு சுமார் 350 மில்லி. இரண்டாம் நிலைக் கிழிசல், தையல் போடப்பட்டது.

ஆராய்ச்சியோடு வைத்துப் பார்த்தால்

ஒரே ஒரு பிரசவத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆக்சிடோசினும் எபிடியூரலும் பக்கவாட்டுப் படுக்கையும் சேர்ந்துதான் கடைசிக் கட்டத்தைக் கொண்டுவந்தன, தலை தானாகவும் திரும்பியிருக்கலாம்.

பிரசவ வலிக்கு அக்குபங்சர், அக்குபிரஷர் பற்றிய காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்ப்பது) 2020-இல் புதுப்பிக்கப்பட்டது: 28 ஆய்வுகள், 3960 பெண்கள். அக்குபிரஷரால் வலி ஓரளவு குறையலாம், ஆதாரத்தின் உறுதி குறைவு என்ற அளவில்தான் அது நிற்கிறது. என் பதிவில் எட்டு ஆறானதும் அதோடு ஒத்துப்போகிறது. கொரியாவில் 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 75 பெண்களில் ஒரு பிரிவுக்கு எஸ்பி6-இல் 30 நிமிடம் அழுத்தினார்கள், இன்னொரு பிரிவுக்கு அதே இடத்தில் சும்மா தொட்டார்கள். அழுத்திய பிரிவில் வலியும் பிரசவ நேரமும் குறைந்திருந்தன. அந்த ஆய்வுதான் என்னை எஸ்பி6 பக்கம் இழுத்தது, ஆனால் என் முன்னால் இருந்த பெண்ணுக்கு அது ஒத்துவரவில்லை. பிரசவத்தைத் தூண்டுவதற்கு இவை உதவுமா என்று பார்த்த 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் சிசேரியன் குறைந்ததற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-இல் தந்த வழிகாட்டலில், மருத்துவமனை தானாக இதை வழங்க வேண்டாம், செய்ய விரும்பும் பெண்ணைத் தடுக்கவும் வேண்டாம் என்று இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2016-இல் வெளியான சிட்னி ஆய்வு. தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த 176 பெண்களில் ஒரு பிரிவுக்கும் அவர்களுடைய துணைக்கும் அக்குபிரஷர், மூச்சுப் பயிற்சி, மசாஜ், யோகா, மனக்காட்சி எல்லாம் சேர்த்து முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் எபிடியூரல் 23.9 சதவீதம், வழக்கமான வகுப்பு மட்டும் கேட்ட பிரிவில் 68.7 சதவீதம். சிசேரியன் 18.2 சதவீதமும் 32.5 சதவீதமும். இதில் அக்குபிரஷரின் பங்கை மட்டும் தனியாகப் பிரிக்க முடியாது. கூட இருப்பவரின் கைக்கு முன்கூட்டியே ஒரு வேலையைப் பழக்கிக் கொடுப்பது என்பது அதில் இருக்கிறது, நான் மேலே சொன்ன பிரசவத்திலும் நடந்தது அதுதான்.

யாருக்கு இதைச் செய்ய மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 37 வாரம் முடியாதவர்கள், ரத்தக் கசிவு இருப்பவர்கள், குழந்தையின் அசைவு குறைந்ததாகச் சொல்பவர்கள், தட்டணுக்கள் குறைவாக இருப்பவர்கள், காலில் ரத்தக்கட்டி சந்தேகம் இருப்பவர்கள். நரம்பு சுருண்டு புடைத்திருக்கும் காலிலும் புண் உள்ள இடத்திலும் அழுத்தக் கூடாது. "தேதி தாண்டிவிட்டது, வீட்டிலேயே அழுத்தி வலி வரவைக்கலாமா" என்று கேட்பவர்களிடம், முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன், முந்தைய பிரசவம் சிசேரியன் என்றால் இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

ஆறு வாரம் கழித்து

குழந்தையோடு வந்திருந்தார்கள். குறுக்கில் இரண்டு பக்கமும் காசு அளவுக்குக் கன்றியிருந்தது, ஒரு வாரத்தில் மறைந்துவிட்டது என்றார். கணவரின் வலது பெருவிரல் மூட்டு இரண்டு வாரம் வலித்திருக்கிறது. அது என் குறை. உள்ளங்கை முறையை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், இப்போது அதைத்தான் முதலில் பழக்குகிறேன். வார்டில் வலி அளவு எழுதும் தாளில் "எங்கே" என்று ஒரு கட்டம் கையால் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறேன், ஒவ்வொரு மணி நேரமும் கேட்டு நிரப்புகிறோம்.

எது உதவியது என்று அவரிடமே கேட்டேன். எபிடியூரல் போட்ட பிறகு தூங்கியதைத்தான் முதலில் சொன்னார். கொஞ்ச நேரம் குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, "காலையில கட்டிலைத் தட்டினா கை வந்துடும்னு தெரிஞ்சப்புறம் பயம் போயிடுச்சு சிஸ்டர்" என்றார்.